பேக்கார்ட் பன்னிரண்டா, கேடிலாக் பதினாறா?

1930-களின் அமெரிக்க ஆடம்பரக் கார் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள், எதையெதையோ பார்த்துவிட்டுக் கடைசியில் பெரும்பாலும் இரண்டு பெயர்களிடம் வந்து நிற்கிறார்கள். ஒன்று, பதினாறு சிலிண்டர் கேடிலாக் வி-16. மற்றது, பன்னிரண்டு சிலிண்டர் பேக்கார்ட் ட்வெல்வ். டூசன்பெர்க் மாடல் ஜே இல்லையா என்று கேட்கலாம். 500-ஐக்கூட எட்டாத எண்ணிக்கையில் வந்த கார் அது. அதன் விலையும் அதை வாங்குபவர்களும் வேறு ரகம். வீட்டை விற்காமல் யோசிக்கக்கூடியவை என்று பார்த்தால் இந்த இரண்டும்தான் மிஞ்சுகின்றன. அதிலும் சில மாடல்களுக்கு வீட்டை விற்கத்தான் வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கார்தான் வாங்கப் போகிறீர்கள், அதை ஓட்டவும் போகிறீர்கள் என்றால் பேக்கார்ட். பானட்டைத் திறந்து வைத்து, வருபவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்றால் கேடிலாக். ஆனால் எந்த பேக்கார்ட், எந்த கேடிலாக் என்பதில்தான் பணம் சம்பாதிப்பவரும் இழப்பவரும் பிரிகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு, பாடிக்கு பாடி அவ்வளவு வித்தியாசம்.

1920-கள் முழுக்க அமெரிக்கப் பணக்காரர்களின் கார் பேக்கார்டாகத்தான் இருந்தது. டெட்ராய்ட்டின் ஈஸ்ட் கிராண்ட் பூலவார்டில் ஆலை வைத்திருந்த அந்தத் தனிக் கம்பெனி, 1915-லேயே ‘ட்வின் சிக்ஸ்’ என்ற பெயரில் பன்னிரண்டு சிலிண்டர் காரைக் கொண்டுவந்துவிட்டது. 1921-இல் வாரன் ஹார்டிங் பதவியேற்கப் போனது அதில்தான். பதவியேற்புக்குக் காரில் போன முதல் அமெரிக்க அதிபர் அவர். ஜெனரல் மோட்டார்ஸின் பிள்ளையான கேடிலாக்குக்கு இந்த இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஓவன் நாக்கர் என்ற பொறியாளரை வைத்துப் பதினாறு சிலிண்டர் என்ஜின் ஒன்றைத் தயார் செய்து, 1930 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் இறக்கியது. பங்குச் சந்தை சரிந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. இதைவிட மோசமான நேரம் கிடைத்திருக்காது!

ஆனாலும் முதலில் விற்றது. 1930, 31 இரண்டு ஆண்டுகளுக்குமாக என்ஜின் எண் 700001-இல் தொடங்கி 703251 வரை, அதாவது 3,251 கார்கள். அதோடு சந்தை வற்றிவிட்டது. 1933-இல் 400 கார்கள் மட்டுமே கட்டுவோம், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு வாங்குபவர் பெயரையும் பொறித்துத் தருவோம் என்று பெருமையாக அறிவித்தார்கள். 130 பேர்கூட வரவில்லை. 1934 முதல் 37 வரை நான்கு ஆண்டுகளையும் சேர்த்தாலே 200 சொச்சம்தான். நியாயமாகப் பார்த்தால் அரிதான இந்தப் பிந்தைய கார்களுக்குத்தான் விலை ஏற வேண்டும். நிலையான கூரை கொண்ட மூடிய பாடிகளைப் பொறுத்தவரை நடப்பது நேர்மாறு: எண்ணிக்கையில் அதிகமான 1930-31 காருக்குத்தான் கிராக்கி. ‘அரிய கார்’ என்ற சொல்லை விற்பனையாளர் அடிக்கடி உச்சரித்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் வரிசை என்ஜினைப் பற்றிச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேடிலாக் வாங்குவது என்பது பாதிக்கு மேல் அதை வாங்குவதுதான். கொள்ளளவு 452 கன அங்குலம், ஏறத்தாழ 7.4 லிட்டர். எட்டு எட்டாக இரண்டு வரிசை சிலிண்டர்கள் 45 டிகிரி கோணத்தில் ஒரே கிராங்க் ஷாஃப்டில் சேர்கின்றன. வரிசைக்கு ஒரு கார்ப்யூரேட்டர், ஒரு எக்ஸாஸ்ட். வால்வுகள் சிலிண்டர்களுக்கு மேலே. அவற்றின் இடைவெளியை ஆயில் அழுத்தமே சரிசெய்து கொள்வதால் டிக்டிக் சத்தம் கிடையாது. முதலில் 165 குதிரைத்திறன், 1934-இல் 185 வரை ஏறியது. ஐட்லிங்கில் நிற்கும்போது டிஸ்ட்ரிப்யூட்டர் பாயிண்ட் தட்டுவது மட்டும்தான் காதில் விழும் என்று கேடிலாக்காரர்கள் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள், ஆனால் ரொம்பக் கூட்டவில்லை.

அதைவிட முக்கியம், என்ஜினையும் அழகுபார்த்துச் செய்தார்கள். கறுப்பு எனாமல், மெருகேற்றிய அலுமினியம், ஆங்காங்கே குரோம். ஒயர்களும் குழாய்களும் மூடிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸில் ஹார்லி ஏர்லின் வடிவமைப்புப் பிரிவு வெளித்தோற்றத்தைப் பார்த்துக்கொண்ட காலம் அது. அந்தக் கவனம் பானட்டுக்குள்ளும் போனது. அன்றைக்கு வேறு யாரும் இப்படி நினைக்கவில்லை. இன்றைய கண்காட்சிகளில் கேடிலாக் வி-16 நிற்கும் இடத்தில் பானட் எப்போதும் திறந்தே கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

பேக்கார்டின் பன்னிரண்டுக்கு இந்தப் பகட்டு இல்லை. கார்னீலியஸ் வான் ரான்ஸ்ட் என்பவர் முன் சக்கர இயக்கத்தில் ஒரு சோதனைக் காரைச் செய்துகொண்டிருந்தார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்காக வரைந்த என்ஜினைப் பெரிதாக்கி, 1932-இல் பழைய ட்வின் சிக்ஸ் பெயரையே வைத்து விற்றார்கள். அடுத்த ஆண்டு பெயர் ‘ட்வெல்வ்’ ஆனது. 67 டிகிரி கோணம், 445 கன அங்குலம், 160 குதிரைத்திறன். வால்வுகள் பிளாக்கின் பக்கவாட்டில். 1935-இல் 473 கன அங்குலமாக்கி 175 குதிரைத்திறன் கொடுத்தார்கள். வி-12 என்றால் 60 டிகிரிதான் சரி, அப்போதுதான் வெடிப்புகள் சம இடைவெளியில் வரும் என்று பொறியியல் படித்தவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அந்த ஏழு டிகிரி யாருக்கும் தெரியாது. கம்பெனி ஒவ்வொரு ட்வெல்வையும் டெலிவரிக்கு முன் மிச்சிகனின் யூட்டிகாவில் இருந்த தன் சோதனைத் தடத்தில் 250 மைல் ஓட்டிப் பார்த்தது. ‘வைத்திருப்பவரைக் கேளுங்கள்’ என்பதுதான் அவர்களுடைய நெடுநாள் விளம்பர வாசகம். இந்தக் காருக்கு அது பொருந்தியது.

1932 முதல் 1939 வரை மொத்தம் சுமார் 5,700 கட்டப்பட்டன. விலை? 1934-இல் ஒரு செடான் ஏறத்தாழ 4,000 டாலர். கேடிலாக் பதினாறு 1930-இல் 5,350 டாலரில் தொடங்கியது. அதே ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ 500 டாலருக்குள் கிடைத்தது.

சரி, இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம்.

இந்தக் கார்களின் பாடியைப் புரிந்துகொள்ள, நம்மூரில் லேலண்ட் சேஸிஸை ஓட்டிக்கொண்டு போய்க் கரூரில் பஸ் பாடி கட்டுவதை நினைத்துக்கொண்டால் போதும். என்ஜினும் சேஸிஸும் ஒருவருடையது, மேலே உட்கார்வது இன்னொருவரின் வேலையாக இருக்கலாம். கேடிலாக்கில் இந்தக் குழப்பம் குறைவு: பெரும்பாலானவை ஃப்ளீட்வுட் பாடிகள், கொஞ்சம் ஃபிஷர், இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸ் வீட்டுக்குள்ளேயே இருந்தவை. பேக்கார்டில் ஆலை கட்டியவை ஒரு பக்கம், டீட்ரிக், லெபாரன், ரோல்ஸ்டன், புரூன் என்று வெளியார் கட்டியவை இன்னொரு பக்கம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ரேமண்ட் டீட்ரிக் பெரிய வடிவமைப்பாளர், அவர் பெயருக்குச் சந்தையில் தனி மதிப்பு. அந்த மதிப்பைப் பயன்படுத்திக்கொள்ள, பேக்கார்ட் தன் சொந்த ஆலையில் கட்டிய சில மடக்குக் கூரை கார்களிலும் டீட்ரிக் பெயர்ப் பட்டையை அடித்து அனுப்பியது. அவையும் நல்ல கார்கள்தான், போலி அல்ல. ஆனால் ‘இண்டிவிஜுவல் கஸ்டம்’ என்று தனியாகச் சொல்லப்படும் உண்மையான டீட்ரிக் பாடிக்கும் இதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சரிந்த வி வடிவ முன்கண்ணாடியோடு வரும் 1934-ஆம் ஆண்டு இண்டிவிஜுவல் கஸ்டம், ஏலத்தில் சர்வசாதாரணமாக ஏழு இலக்க டாலருக்குப் போகக்கூடியது. கதவுக்கு அருகில் ஒரு சின்னப் பட்டையைக் காட்டி அந்த விலையை நோக்கி உங்களை நகர்த்தப் பார்ப்பார்கள்.

அடுத்த பொறி இரண்டு கார்களுக்கும் பொது. திறந்த கார்களுக்கும் மூடிய கார்களுக்கும் இடையே விலை பல மடங்கு வேறுபடுகிறது. பெயர்ப் பலகையைவிடக் கூரைதான் விலையைத் தீர்மானிக்கிறது என்றுகூடச் சொல்லலாம். பேக்கார்டின் பிந்தைய ஆண்டு ஏழு பேர் செடான் ஒன்று ஒரு லட்சம் டாலருக்கு உள்ளேயே கிடைக்கலாம். அதே சேஸிஸில் திறந்த ஃபேட்டன் என்றால் நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கும். விளைவு, பல பத்தாண்டுகளாக லிமோசின்களையும் செடான்களையும் கழற்றி எறிந்துவிட்டு அவற்றின் மேல் திறந்த ரோட்ஸ்டர் பாடியை உட்காரவைக்கும் வேலை நடந்துவந்திருக்கிறது. சில, வேறொரு காரின் அசல் பாடியை மாற்றியது. சில, புதிதாகவே கட்டியது. வேலை நேர்த்தியாக இருக்கும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் கேடிலாக் பேக்கார்டைத் தெளிவாக முந்துகிறது. வி-16 ஒவ்வொன்றும் ஆலையை விட்டுக் கிளம்பியபோது எழுதப்பட்ட தாள் ஜெனரல் மோட்டார்ஸ் காப்பகத்தில் இருக்கிறது. என்ஜின் எண்ணைக் கொடுத்தால் எந்த பாடி, என்ன நிறம், எந்த ஊருக்குப் போனது என்று பார்த்துவிடலாம். அதை வைத்துக்கொண்டு பாடித் தகட்டில் உள்ள ஸ்டைல் எண்ணைச் சரிபார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை வெளியே வந்துவிடும். தாளில் லிமோசின், எதிரே நிற்பது ரோட்ஸ்டர் என்றால் பேச்சை வேறு விலையில் தொடங்கலாம்.

பேக்கார்டில் அப்படிப்பட்ட ஆலைப் பதிவு கையில் இல்லை. என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தடுப்பில் ஒரு தகடு இருக்கும். விற்ற டீலரின் பெயர், ஊர், டெலிவரி தேதி, வண்டி எண் அதில் பொறித்திருக்கும். அழகான வழக்கம்தான். ஆனால் அதே தகட்டின் புதிய நகல்கள் கடையில் விற்கின்றன. ஆகவே பேக்கார்ட் வாங்கும்போது பழைய டைட்டில்கள் (உரிமைப் பத்திரங்கள்), முந்தைய உரிமையாளர்களின் புகைப்படங்கள், 1950-களின் கிளப் இதழ்கள் என்று ஒரு கோப்பையே எதிர்பார்க்க வேண்டும். அமெரிக்க கிளாசிக் கார் கிளப் 1952-லும், பேக்கார்ட் கிளப் அதற்கு அடுத்த ஆண்டும் தொடங்கின. அறுபது எழுபது வருடமாக ஒரே வட்டத்தில் சுற்றிய கார் என்றால் அதை அறிந்தவர் எங்காவது இருப்பார். யாருக்குமே தெரியாத, திடீரென்று முளைத்த திறந்த பேக்கார்ட் ட்வெல்வ் என்றால் நான் பர்ஸை வெளியே எடுக்க மாட்டேன்.

ஓட்டுவது என்று வந்தால் பலம் மறுபக்கம் சாய்கிறது. 1930-31 கேடிலாக் சுமார் 2,700 கிலோ, முன் பின் சக்கரங்களுக்கு இடையே 148 அங்குலம். கம்பியும் நெம்புகோலுமாக இயங்கும் பிரேக், அதற்கு உதவியாக ஒரு வேக்குவம் பூஸ்டர். பெட்ரோல் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்க பம்ப் கிடையாது. இரண்டு வேக்குவம் தொட்டிகள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் சூட்டில் சீக்கிரம் ஆவியாகிறது, நெரிசலில் நின்றால் இரண்டு சிலிண்டர் வரிசைகளில் ஒன்று மூச்சு வாங்கத் தொடங்கும். பலர் கண்ணுக்குப் படாத இடத்தில் மின்சாரப் பம்ப் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். கண்காட்சி நடுவர்கள் இதைப் பார்த்து மதிப்பெண் குறைப்பார்களே என்று கவலைப்படுபவர்கள் காரை லாரியில் ஏற்றித்தான் கண்காட்சிக்குப் போகிறார்கள்.

பதினாறு பிஸ்டன், 32 வால்வு. எதையும் சரியாக ட்யூன் செய்ய இரண்டு பக்கத்தையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைக்க வேண்டும். இரண்டு கார்ப்யூரேட்டரும் ஒரே மாதிரி மூச்சு விட வேண்டும். அது தெரிந்த மெக்கானிக்குகள் அமெரிக்காவிலேயே எண்ணிக்கையில் குறைவு, வயதும் ஆகிவிட்டது. என்ஜினைப் பிரித்துக் கட்டும் தொகைக்கு நல்ல பழைய கார் இன்னொன்றை முழுதாகவே வாங்கிவிடலாம். அந்தக் காலத்துத் துத்தநாக வார்ப்புகள் வேறு, வயதாக ஆக உப்பி வெடித்து உதிரும். புதிதாக வார்த்த மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன, விலைதான் அந்தக் காலத்து விலையல்ல.

பேக்கார்ட் இலேசானது என்று சொல்ல முடியாது, ஆனால் கையாள எளிது. இரண்டு தொண்டை கொண்ட ஒரே ஒரு கார்ப்யூரேட்டர். 1933-இலிருந்து பிரேக்குக்கு வேக்குவம் உதவி, அதன் கடுமையைச் சாலைக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்க ஓட்டுநரிடமே ஒரு பிடி. 1936 வரை பிஜூர் என்ற ஏற்பாடும் இருந்தது: ஒரு கைப்பிடியை இழுத்துவிட்டால் சேஸிஸின் மூட்டுகளுக்கெல்லாம் மெல்லிய குழாய்கள் வழியாக எண்ணெய் போய்ச் சேரும். அற்புதமான யோசனை, குழாய் அடைத்துக்கொண்டால் அதே அளவுக்கு மோசம், ஏனென்றால் எண்ணெய் போகிறது என்று நினைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் வறண்டு ஓட்டியிருப்பார்கள். 1935 முதல் வந்த, சிலிண்டர்களை மூடும் அலுமினிய ஹெட், அதைப் பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட்களோடு அரித்துப் பிடித்துக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. ஹெட் கடைசியாக எப்போது கழற்றப்பட்டது என்று கேட்பது நல்ல கேள்வி.

எனக்குக் கேட்டால் 1937 ட்வெல்வ்தான் சரியான வண்டி. அந்த ஆண்டுதான் தனித்தனி முன் சஸ்பென்ஷனும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன, அந்த ஆண்டுதான் அதிகமாக, ஏறத்தாழ 1,300 கார்கள் விற்றன. 1934 பேக்கார்ட் அதைவிட அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நீளமான மட்கார்டுகளும் நிமிர்ந்த ரேடியேட்டரும் திரும்ப வரவில்லை. ஆனால் மலைச்சாலையில் இறங்கும்போது முன்னால் போகும் கார் திடீரென்று நின்றால், அழகு உதவிக்கு வராது. கிளாசிக் கார் கிளப் நடத்தும் நீண்ட பயணங்களில் ஒரு வாரத்தில் பல நூறு மைல் ஓட்டுவார்கள். அதற்கு ஆசைப்படுபவர் ஓவர்டிரைவ் (வேகத்தில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) பொருத்தியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். அன்றைய கியர் விகிதம் மேடு ஏறுவதற்காக அமைத்தது, இன்றைய நெடுஞ்சாலைக்கு அல்ல. இது இரண்டு கார்களுக்குமே பொருந்தும்.

கராஜை அளந்து பார்த்துவிட்டுத்தான் 1934-37 கேடிலாக் பதினாறைப் பற்றி யோசிக்க வேண்டும். சக்கர இடைவெளியே 154 அங்குலம், முழு நீளம் கிட்டத்தட்ட 20 அடி. அமெரிக்க வீட்டு கராஜின் ஆழமும் வழக்கமாக அவ்வளவுதான். கதவை மூட முடியாது.

இரண்டிலும் மரத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெளியே இரும்புத் தகடு, உள்ளே ஆஷ் மரச் சட்டம். கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். கீலோடு சேர்ந்து தூணும் அசைந்தால் மரம் போய்விட்டது. பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் சரி, அந்தச் சட்டத்தை மறுபடி செய்ய பாடி முழுவதையும் பிரிக்க வேண்டும். டிங்கரிங் வேலையல்ல, தச்சு வேலை. அதுவும் வளைவுகளில் கைவந்த தச்சர் வேண்டும்.

பதினாறு என்ற எண் மனதில் பதிந்துவிட்டது, ஆனால் ஓட்டவும் வேண்டும் என்பவருக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. 1938-இல் கேடிலாக் பழைய என்ஜினைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிய பதினாறு ஒன்றைச் செய்தது. 135 டிகிரி, கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். 431 கன அங்குலம், பக்க வால்வு, அதே 185 குதிரைத்திறன், பாகங்கள் குறைவு, எடையும் குறைவு. கிராங்க் ஷாஃப்டைத் தாங்க பழையதற்கு ஐந்து முதன்மை பேரிங் என்றால் இதற்கு ஒன்பது. 141 அங்குல சக்கர இடைவெளி, ஹைட்ராலிக் பிரேக், இரும்புக் கூரை. 1940 வரை 500-க்குச் சற்று மேல் கட்டினார்கள். பானட்டைத் திறந்தால் பார்க்க ஒன்றும் இல்லை, அதனால்தான் செடான்களுக்கு விலையும் முன்னவற்றைவிட இறங்கியிருக்கிறது. பொறியியல் கண்ணோடு பார்ப்பவருக்கு இது லாபம். 1930 என்ஜினைக் கண்டு மயங்கியவருக்கு இதைக் காட்டினால் ஏமாந்துதான் போவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

முதலீடு என்று நினைத்து எதையும் வாங்க வேண்டாம் என்பேன். இந்தக் கார்களை இளமையில் கண்டு ஏங்கிய தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. மூடிய கார்களின் விலையில் அது முதலில் தெரிகிறது. உச்சத்தில் உள்ள சில திறந்த கார்களுக்கு மட்டும் எப்போதும் ஆள் இருக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது, பாடி மாற்றிய ரோட்ஸ்டரை அசல் விலைக்கு வாங்கியவர்தான்.

காரைப் பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதைப் பாருங்கள், அரை மணி நேரம் ஓட்டுங்கள், நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள், அப்புறம் மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நல்ல பேக்கார்ட் உடனே கிளம்பும். நல்ல கேடிலாக்கும் கிளம்பும், ஆனால் அந்தப் பத்து நிமிடமும் உரிமையாளர் முகத்தைக் கவனியுங்கள்.